புளி தாங்கும், தென்னை தாங்காது

சாலையோரத்துப் பழைய புளியமரம் ஒன்றின் அடியில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து இருக்கும். அண்ணாந்து பார்த்தால் கிளையெல்லாம் காய். அந்தப் பொந்து உருவானதில் மரத்தைத் தின்னும் பூஞ்சைகளுக்குப் பெரும் பங்குண்டு. அத்தகைய பூஞ்சைகளில் ஒன்றான கானோடெர்மா தென்னையின் தூரில் புகுந்தால், தென்னை பிழைப்பது அரிது. ஏன்?

முதலில் பூஞ்சையின் சாப்பாட்டைப் பார்ப்போம். மரம் செல்லுலோஸ் என்ற நாரால் ஆனது. அந்த நார்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பொருள் லிக்னின். கட்டடத்தில் கம்பியும் சிமென்ட்டும் போல. மரக்கட்டையில் ஏறத்தாழ கால் பங்கு லிக்னின்தான். அதை முழுவதுமாகச் சிதைக்கத் தெரிந்த உயிர்கள் உலகில் வெகு சில. கானோடெர்மா அவற்றில் ஒன்று. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தடிமனில்லாத இழைகளை நீட்டி, நொதிகளை வெளியே சுரந்து, மரத்தை அங்கேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. வாயும் இல்லை, வயிறும் இல்லை!

புளியமரத்தின் நடுவே இருக்கும் வைரம் உயிரற்ற பகுதி. நீரேற்றம், உணவோட்டம் எல்லாம் வெளிவட்டத்தில். நடுப்பகுதி போனாலும் குடித்தனம் நடக்கும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பார்த்து, 1977இல் இன்னொரு வியப்பை விளக்கினார். மரம் தன் புண்ணை ஆற்றுவதில்லை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அழுகலைச் சிறைவைக்கிறது. அந்தச் சுவர்களில் மிக வலியதைக் கட்டுவது பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலம், அதாவது ஆண்டுதோறும் புது மரத்தை உண்டாக்கும் மெல்லிய உயிரடுக்கு.

தென்னைக்கு அந்தப் படலமே கிடையாது. உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், வெளியே உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரித்தது. அந்தக் கணக்கில் தென்னை புல். இன்றைய தாவரவியலும் அதைப் புல்லுக்கு உறவாகவே வைக்கிறது. நீர்க்குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடப்பதால், விட்டுக்கொடுக்கத்தக்க உயிரற்ற நடுப்பகுதி அதற்கில்லை. புதுச் சுவர் கட்டவும் வழியில்லை. புளியில் குடியிருப்பது போன்ற பூஞ்சை தென்னையில் கொலையாளி ஆவது இதனால்தான் என்பேன்: பசி ஒன்றே, வீட்டின் அமைப்புதான் வேறு.

தஞ்சாவூர் மாவட்டத்தில் 1952இல் இந்நோய் கவனிக்கப்பட்டதால் ‘தஞ்சாவூர் வாடல்’ என்றே பெயர் நிலைத்தது. அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும். கீழ்மட்டைகள் வாடித் தண்டோடு ஒட்டித் தொங்கும். தூரில் பளபளப்பான தட்டுக்காளான் எட்டிப்பார்க்கும்போது உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். அது வித்துப் பரப்பும் உறுப்பு மட்டுமே. கானோடெர்மா அப்லனேட்டம் என்ற உறவினத்தின் ஒரு பெரிய காளான் ஒரே நாளில் 3,000 கோடி வித்துகள் வரை உதிர்க்கும். உலக மக்கள்தொகையைப் போல மூன்று மடங்குக்கு மேல். தோப்புக்குள்ளோ மண்ணுக்கடியில், வேரோடு வேர் உரசியும் பரவுகிறது.

மரம் செத்தபின்னும் பூஞ்சை சாவதில்லை. அதே கட்டையை மட்கவைத்துத் தின்றுகொண்டு காத்திருக்கும். ஆகவே நோயுற்ற தென்னையை வெட்டினால் தூரையும் வேரையும் தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள். மற்ற மரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் ஐந்து கிலோ வேப்பம்புண்ணாக்கு வையுங்கள்.