லாராவின் சமையலறை
ராக்கி ரிட்ஜ் பண்ணை, மேன்ஸ்ஃபீல்ட், மிசோரி

இந்தச் சமையல் மேடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, பாருங்கள். சிறுவர் நூலாசிரியர் லாரா இங்கல்ஸ் வைல்டரின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. அவர் எக்காமல் மாவு பிசைய வேண்டும் என்று கணவர் அல்மான்சோ அளவு பார்த்துக் கட்டிக்கொடுத்தார். 1894இல் இருவரும் இங்கே வந்தபோது இருந்தது ஜன்னல்கூட இல்லாத ஒரு மரக்குடில். வீடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து 1913இல்தான் முழுமையடைந்தது.

பதினாறு வயது நிறையும் முன்பே டகோட்டாவில் பள்ளி ஆசிரியை ஆனவர் லாரா. பார்வையிழந்த அக்கா மேரியின் படிப்புக்கு அந்தச் சம்பளம் உதவியது. 1885இல் திருமணத்தோடு ஆசிரியப் பணி முடிந்தது. பிறகு கோழி, ஆப்பிள் தோட்டம், விவசாயப் பத்திரிகைக்குக் கட்டுரைகள்.

முதல் நாவல் 1932இல் வெளியானபோது அவருக்கு வயது 65. பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டில் பென்சிலால்தான் எழுதினார். மகள் ரோஸ் அதைத் திருத்திச் செப்பனிட்டார். முதல் சில நூல்கள் உருவானது அதே பண்ணையில், மகள் கட்டிக்கொடுத்த கல்வீட்டில்; 1936இல் லாரா இந்த வீட்டுக்கே திரும்பினார்.

பூர்வகுடி மக்களை அந்த நூல்கள் சித்திரித்த விதம் புண்படுத்துகிறது. அதையும் மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். இதனால், லாராவின் பெயரில் இருந்த சிறுவர் இலக்கிய விருது 2018இல் பெயர் மாற்றப்பட்டது.

லாராவின் அப்பா சார்லஸின் பிடில் இங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் அந்தக் குடும்பத்துக்குத் துணையாக ஒலித்தது அதுதான்.