ஒரு பீருக்காக 133 நாள் புறக்கணிப்பு... இங்கிலாந்தின் குட்டி பப்கள் சொல்லும் கதை!

தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் லூயிஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கோட்டைக்குப் பக்கத்தில் 'லூயிஸ் ஆர்ம்ஸ்' என்ற பழைய பப் இருக்கிறது. 2006 டிசம்பரில் அதன் உரிமையாளரான கிரீன் கிங் நிறுவனம் ஒரு முடிவெடுத்தது. அதே ஊரில் தயாராகும் ஹார்வீஸ் பீர் இனி இந்த பப்பில் கிடையாது, எங்கள் பீர் மட்டும்தான் என்றது.

ஹார்வீஸ் ப்ரூவரியின் வரலாறு 1790-ல் தொடங்குகிறது. பப்பிலிருந்து நடந்தே போய்விடலாம். 'நம்ம ஊர் பீரை நம்ம ஊர் பப்பில் குடிக்கக் கூடாதா?' என்று வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். உள்ளே போவதை நிறுத்தினார்கள். வாசலில் நின்று, வருகிறவர்களிடமும் 'போகாதீங்க' என்று கேட்டுக்கொண்டார்கள். வியாபாரம் படுத்தது. 133 நாள் கழித்து, 2007 ஏப்ரலில் நிறுவனம் இறங்கி வந்தது. ஹார்வீஸ் திரும்பவும் வந்தது.

ஒரு கிளாஸ் பீருக்கு ஏன் இவ்வளவு பெரிய சண்டை? அதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்து பப் எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பப் யாருடையது?

வெளியே இருந்து பார்த்தால் பப் நடத்துபவர்தான் முதலாளி மாதிரி தெரியும். ஆனால் பல இடங்களில் அவர் வாடகைக்கு இருப்பவர் மட்டுமே. கட்டடம் பெரிய பீர் நிறுவனத்துக்கோ, பப் நிறுவனத்துக்கோ சொந்தம். வாடகையும் அவர்களுக்கே, பீரும் அவர்களிடமிருந்துதான் வாங்க வேண்டும். இதற்குப் பெயர் 'டை'. அப்படிக் கட்டுப்படாத பப், 'ஃப்ரீ ஹவுஸ்'. ஃப்ரீ என்றதும் இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். பிடித்த பீரை வாங்கும் சுதந்திரம், அவ்வளவுதான்!

1980-களின் கடைசியில் ஆறு பெரிய நிறுவனங்களின் கையில்தான் சந்தையே இருந்தது. அதை உடைக்க 1989-ல் அரசு புது விதிகள் போட்டது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் பீர் நிறுவனங்கள், கூடுதலாக உள்ளவற்றில் பாதியை விற்க வேண்டும் அல்லது 'டை'யிலிருந்து விடுவிக்க வேண்டும்.

நல்ல நோக்கம்தான். ஆனால், விற்ற பப்களை வாங்கிக் குவித்தவர்கள் பீரே தயாரிக்காத புதிய நிறுவனங்கள். 'பப்கோ' என்று பெயர். முதலாளி மாறினார், கட்டுப்பாடு மாறவில்லை. கடைசியில் 2016-ல்தான் பெரிய பப் நிறுவனங்களின் வாடகைதாரர்கள், சில சூழல்களில், 'சந்தை வாடகை மட்டும் தருகிறேன், பீரை நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று கேட்கும் சட்ட உரிமை வந்தது.

இதற்கிடையே பப்கள் மூடிக்கொண்டே வந்தன. 2000-ம் ஆண்டு வாக்கில் பிரிட்டன் முழுக்கச் சுமார் 60,000 பப்கள். இப்போது சுமார் 45,000. வாடகை, வரி, சூப்பர் மார்க்கெட்டின் மலிவு பீர், கொரோனா, மின்கட்டணம் என்று காரணங்கள் பல. கூடவே இன்னொன்று: பல பப்களின் கட்டடத்தை வீடுகளாக மாற்றி விற்றால், பப் நடத்துவதைவிட அதிகப் பணம் கிடைக்கும்.

கறிக்கடை பப் ஆனது

அந்த நேரத்தில்தான் கென்ட் பகுதியின் ஹெர்ன் கிராமத்தில் மார்ட்டின் ஹில்லியர் ஒரு வேலை செய்தார். 2005 நவம்பரில் புதிய உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மது உரிமம் தரும் பொறுப்பு நீதிமன்ற நடுவர்களிடமிருந்து உள்ளாட்சி மன்றங்களுக்குப் போனது. புதிதாக, சின்னதாகத் தொடங்குபவர்களுக்கு வழி கிடைத்தது. ஹில்லியர் ஒரு பழைய கறிக்கடையை 'புட்சர்ஸ் ஆர்ம்ஸ்' என்ற பப்பாக மாற்றினார். இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகளைக்கூடக் கழற்றவில்லை. சில பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும் இடம்.

மைக்ரோபப் என்று இன்று அழைக்கப்படுவதன் ஆரம்பம் இதுதான். 2009-ல் பீர் ஆர்வலர்கள் கூட்டத்தில் தன் அனுபவத்தை அவர் விளக்க, அதே ஆண்டு வடகிழக்கில் உள்ள ஹார்ட்லிபூல் ரயில் நிலையத்தில் இன்னொன்று முளைத்தது. இன்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பூக்கடை, தபால் நிலையம், செருப்புக் கடை என்று காலியான எந்தக் கடையும் மைக்ரோபப் ஆகலாம்.

அதன் இலக்கணம் சிம்பிள். டிவி கிடையாது, பாட்டு கிடையாது, சூதாட்ட மெஷின் கிடையாது. சிப்ஸ், ஊறுகாய் முட்டை போன்ற நொறுக்குத்தீனி உண்டு, சமையலறை இல்லை. மற்றபடி பேச்சுதான். சில இடங்களில் போன் மணி அடித்தால் உண்டியலில் காசு போட வேண்டும்!

இது பழமை மோகம் மட்டுமில்லை, கணக்கும்கூட. சின்ன இடம், குறைந்த வாடகை, ஓனரே பரிமாறுவார். பெரிய பப் ஒன்றைத் திணறடிக்கும் செலவுகள் பலவும் இங்கே இல்லை. 'டை'யும் இல்லை என்பதால், பக்கத்து ஊர் ப்ரூவரியின் பீரை தைரியமாக வாங்கி வைக்கலாம்.

இட்லி மாவும் காஸ்க் பீரும்

இந்த பப்களின் நாயகன் 'காஸ்க் ஏல்'. நாம் பார்க்கும் பாட்டில் பீர் பெரும்பாலும் வடிகட்டப்பட்டு, ஈஸ்ட் நீக்கப்பட்டு வருவது. காஸ்க் பீர் அப்படியில்லை. கரைத்துவைத்த இட்லி மாவு பாத்திரத்துக்குள் பொங்கிக்கொண்டே இருப்பதுபோல, பீப்பாய்க்குள்ளும் ஈஸ்ட் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும். மாவைப் போலவே இதற்கும் பக்குவம் பார்க்கும் கை வேண்டும்.

வழக்கமான 'ஃபிர்கின்' பீப்பாயில் 72 பைண்ட் இருக்கும். ஒரு பைண்ட் 568 மி.லி. திறந்தால் மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். அதனால்தான் கூட்டமில்லாத பப்பில் பத்து வகை காஸ்க் பீர் இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் தயங்குவார்கள். 'இங்கிலீஷ்காரங்க சூடா பீர் குடிப்பாங்க' என்பதும் கட்டுக்கதைதான். பரிமாறும் வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ்.

1970-களில் பெரிய நிறுவனங்கள் காஸ்க் பீரை ஓரங்கட்ட முயன்றபோது, 1971-ல் நான்கு பேர் தொடங்கிய 'காம்ரா' இயக்கம்தான் அதைக் காப்பாற்றியது. 2002-ல் ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர் வரை தயாரிக்கும் ப்ரூவரிகளுக்கு வரி பாதியானது. அதன்பின் குட்டி ப்ரூவரிகள் புற்றீசல்போல வந்தன.

பர்ட்டனும் மெட்ராஸும்

பீர் ஊர் என்றால் அங்கே பர்ட்டன் அபான் ட்ரென்ட்தான். அதன் நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம். கசப்பான பேல் ஏலுக்கு அது பொருத்தம். 19-ம் நூற்றாண்டில் இங்கிருந்து கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய்க்குக் கப்பலேறிய பீர்தான் 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயரை ஊரறியச் செய்தது. அந்த ஊரின் பாரம்பரியமான 'யூனியன்' மரப்பீப்பாய் நொதிப்பு முறையை 2024-ல் மார்ஸ்டன்ஸ் ப்ரூவரியில் நிறுத்தினார்கள். ஒரு தொகுதியை மட்டும் டெர்பிஷயரின் தார்ன்பிரிட்ஜ் ப்ரூவரி எடுத்துச்சென்று உயிரோடு வைத்திருக்கிறது.

எல்லோருக்குமான இடமா?

பப் எப்போதும் எல்லோரையும் வரவேற்றதில்லை. பர்மிங்காம் அருகேயுள்ள ஸ்மெத்விக்கில், 1960-களில் சில பப்களில் இந்தியர்களுக்கும் கறுப்பினத்தவர்களுக்கும் தனி அறை அல்லது அனுமதி மறுப்பு. இந்தியத் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கே வந்து நிலைமையை நேரில் பார்த்தார்.

பிறகு பஞ்சாபிகள் அப்பகுதி பப்களைத் தாங்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். அவைதான் இன்றைய 'தேசி பப்கள்'. ஒரு கையில் பைண்ட், இன்னொரு கையில் தந்தூரி மிக்ஸ்டு கிரில். எல்லா நிறத்தவரும் ஒரே மேசையில் இருக்கிறார்கள்.

ஊரே வாங்கிய பப்கள்

மூடப்போகும் பப்பை ஊரே சேர்ந்து வாங்குவதும் நடக்கிறது. கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராம மக்கள் 2003-ல் 'ஓல்ட் கிரவுன்' பப்பைக் கூட்டுறவு முறையில் வாங்கினார்கள். 2011-ன் உள்ளாட்சிச் சட்டம் 'சமூகச் சொத்து' என்று ஒரு கட்டடத்தைப் பதிவுசெய்ய வழி தந்தது. அப்படிப் பதிவானால், விற்பனையைச் சில மாதம் நிறுத்திவைத்து, மக்கள் பணம் திரட்டலாம். லண்டனின் 'ஐவி ஹவுஸ்' இப்படித்தான் 2013-ல் மக்கள் கைக்கு வந்தது.

போனால் என்ன செய்யணும்?

படிப்புக்கோ வேலைக்கோ போகிறவர்களுக்கு சில டிப்ஸ். உட்கார்ந்துகொண்டு வெயிட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். பல பப்களில் கவுன்டரில் போய்த்தான் சொல்ல வேண்டும். கியூ கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யார் முதலில் வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். நண்பர்கள் 'ரவுண்ட்' வாங்கினால், அடுத்தது உங்கள் முறை. காஸ்க் பீரில் சந்தேகமா? கொஞ்சம் ருசி பார்க்கக் கேட்கலாம். குடிக்காதவர்கள் ஜூஸோ காபியோ வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

லூயிஸ் மக்கள் 133 நாள் வாசலில் நின்றதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. அன்று அவர்கள் குடிக்க வேறு பப்கள் அந்த ஊரிலேயே இருந்தன, ஹார்வீஸும் அங்கே கிடைத்தது. ஆனால் தினமும் போய் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசும் இடத்தைப் பற்றிய முடிவை, அந்த இடத்தை அறியாத யாரோ எடுப்பதைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)