குளியலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வந்தவர் பழனி சண்முகநதியில் முங்கி எழுவதும், கொடைக்கானல் விடுதியில் ஒருவர் வாளியில் வெந்நீர் பிடித்து ஊற்றிக்கொள்வதும் தமிழில் குளியல்தான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. எங்கே, எப்படிக் குளிக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும்.

ஆற்றிலும் குளத்திலும் குளிப்பதற்கு உரிய வினை 'பேத்'. புனித நீராடலை இந்திய ஆங்கில நாளேடுகள் 'ஹோலி டிப்' என்று எழுதுகின்றன. முங்கி எழுவதற்கு அது நன்றாகவே பொருந்துகிறது. பெரியகுளம் அருகே கும்பக்கரை அருவியில் குளிப்பதும் 'பேத்'தான். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கிவரும் நீர் அது. அடிவாரத்தில் வெயில் காய்ந்தாலும், மலையில் கனமழை கொட்டினால் அருவியில் திடீரென வெள்ளம் பாயும். வனத்துறை அவ்வப்போது குளிக்கத் தடை போடுவது இதனால்தான். அதை மீறுவது உயிரோடு விளையாடுவது. மலைச்சாலையில் உள்ள வெள்ளி அருவியோ கண்ணுக்கு மட்டுமே விருந்து. 1863-ல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியின் உபரிநீரே அங்கே விழுகிறது. ஊருக்குள் புகுந்து வரும் நீர் குளிக்க ஏற்றதல்ல.

வீட்டுக் குளியலுக்கு வந்தால் 'பாத்'. அமெரிக்கர் 'டேக் எ பாத்' என்பார்கள், ஆங்கிலேயர் 'ஹேவ் எ பாத்' என்பார்கள்; இரண்டும் சரி. நடுவில் உள்ள 'எ'யை விழுங்கி 'ஐ டுக் பாத்' என்பதுதான் நம்மிடம் அதிகம் காணும் பிழை. ஆனால் 'பாத்' என்றதும் வெளிநாட்டவர் மனதில் வருவது தொட்டி. குழாயடியில் நின்று குளித்தால் 'ஷவர்' என்பதே சரி. வாளிக் குளியலை 'பக்கெட் பாத்' என்றால் புரிந்துகொள்வார்கள். தலைக்குக் குளித்ததை 'ஹெட் பாத்' என்று சொன்னால் புரியாது. 'ஐ வாஷ்ட் மை ஹேர்' என்று சொல்ல வேண்டும். எண்ணெய்க் குளியலுக்கு ஒரே சொல்லைத் தேடிப் பயனில்லை. எண்ணெய் தேய்த்து ஊறவைத்துப் பிறகு குளிப்பது என்று விளக்கிவிடுவதே நல்லது.

'கீசர்' என்றாலும் பல நாட்டவருக்கு நிலத்திலிருந்து பீறிடும் வெந்நீர் ஊற்றுதான் நினைவுக்கு வரும். அவர்களிடம் 'வாட்டர் ஹீட்டர்' என்று கேட்கலாம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் அது சூடேற நேரம் பிடிப்பது பழுதினால் அல்ல. 15 லிட்டர் கொள்ளளவும் 2,000 வாட் திறனும் உள்ள ஹீட்டர், 27 டிகிரி நீரை 45 டிகிரிக்கு ஏற்றப் பத்து நிமிடம் போதும். குளிர்காலக் கொடைக்கானலில் நீர் 15 டிகிரியில் இருந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒருவர் முழுவதையும் தீர்த்துவிட்டால், அடுத்தவர் அதே அளவு காத்திருக்க வேண்டும்.