உறையை முதலில் தொடுபவர்

அரசு அலுவலகத்துக்கு வரும் தபாலில் ஆபத்து இருக்கலாம் என்று கேள்விப்பட்டால் நம் கவலையெல்லாம் அமைச்சரைப் பற்றியோ உயர் அதிகாரியைப் பற்றியோதான் இருக்கும். பாதுகாப்பு ஏற்பாடுகளும் அவர்கள் அறை வாசலிலேயே குவியும். 2001-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அமெரிக்காவில் நடந்தது இந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. ஆந்த்ராக்ஸ் கிருமித்தூள் அடைத்த கடிதங்களைப் பத்திரிகை, தொலைக்காட்சி அலுவலகங்களுக்கும் டாம் டாஷ்ல், பேட்ரிக் லீஹி என்ற இரு செனட்டர்களுக்கும் யாரோ அனுப்பினார்கள். நம் ஊரில் ஆடு மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோயின் கிருமிதான் அது. 22 பேர் நோயுற்றார்கள். 5 பேர் இறந்தார்கள். ஃபுளோரிடாவில் ஒரு பத்திரிகை நிறுவனத்தின் புகைப்பட ஆசிரியர், வாஷிங்டனில் அஞ்சல் ஊழியர்கள் இருவர், நியூயார்க்கில் ஒரு மருத்துவமனை ஊழியர், கனெக்டிகட்டில் 94 வயது மூதாட்டி ஒருவர். செனட்டர்களோ அவர்களுடைய ஊழியர்களோ யாரும் இறக்கவில்லை. ஓர் அரசுத் துறையின் தபால் பாதுகாப்பு, முகவரியில் பெயர் உள்ளவரிடம் தொடங்கக் கூடாது, உறையை முதலில் தொடுபவரிடம் தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டாஷ்லுக்கு வந்த உறையைப் பார்த்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். தபால்தலை முன்பே அச்சிட்ட சிறிய வெள்ளை உறை. சிறுபிள்ளை எழுதியதுபோல் பெரிய எழுத்துகள். அனுப்புநர் இடத்தில் நியூஜெர்சியில் ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பு. அப்படி ஒரு பள்ளியே கிடையாது. அந்த உறை 2001 அக்டோபர் 15 அன்று செனட்டின் ஹார்ட் கட்டடத்தில் பிரிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அது வாஷிங்டனின் பிரெண்ட்வுட் அஞ்சல் பிரிப்பு நிலையத்தைக் கடந்து வந்திருந்தது. அங்கே அதிவேக இயந்திரங்கள் உறைகளை அழுத்தி இழுத்துத் தள்ளுகின்றன. ஆந்த்ராக்ஸ் வித்து ஒன்றின் அளவு ஏறக்குறைய ஒரு மைக்ரான். காகிதத்தின் நுண்துளைகள் அதைவிடப் பெரியவை. மாவு கட்டிய துணிப்பையைத் தட்டினால் வெளியே தூசி பறப்பதுபோல, ஒட்டிய உறையிலிருந்தே தூள் கசிந்தது. இயந்திரங்களில் சேரும் காகிதத் தூசியை அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கம் அதை இன்னும் பரப்பியது.

அன்று நிபுணர்கள் நம்பியது வேறு: உறையைப் பிரித்தால்தான் ஆபத்து, ஒட்டியிருக்கும்வரை இல்லை. இந்த ஒரு தவறான அனுமானம் இரண்டு வகை மனிதர்களை உண்டாக்கியது. ஹார்ட் கட்டடத்தில் உறை பிரிக்கப்பட்ட உடனேயே காவலர்கள் வந்தார்கள். அங்கிருந்தவர்களைப் பரிசோதித்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தார்கள். 28 பேரின் மூக்கில் கிருமி ஏறியிருந்தும் ஒருவருக்கும் நோய் வரவில்லை. பிரெண்ட்வுட்டில் வேலை வழக்கம்போல நடந்தது. அந்த நிலையத்தை மூடியது அக்டோபர் 21-இல். அதற்குள் ஊழியர்கள் நால்வரின் நுரையீரலை நோய் பற்றிவிட்டது, இருவர் இறந்தார்கள். மருந்து ஒன்றுதான், கிருமி ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான். ஆபத்து எங்கே தொடங்குகிறது என்று அதிகாரிகள் கணித்ததில்தான் வித்தியாசம்.

லீஹிக்கு எழுதிய கடிதத்தின் பயணம் இதையே இன்னொரு விதமாகக் காட்டுகிறது. நம் பின்கோடு போல அங்கே ஜிப் எண். செனட்டின் 20510 என்ற எண்ணை இயந்திரம் 20520 என்று படித்துவிட்டது. அது வெளியுறவுத் துறையின் எண். கடிதம் வர்ஜீனியாவின் ஸ்டெர்லிங் என்ற இடத்தில் அத்துறைக்கு இருந்த தபால் கிடங்குக்குப் போனது. அங்கே வேலை செய்த ஒருவர் நுரையீரல் ஆந்த்ராக்ஸால் நோயுற்றுப் பிழைத்தார். அந்த உறை கையில் கிடைத்ததோ நவம்பர் 16-இல், தடுத்து வைத்த மூட்டைகளுக்குள்ளிருந்து. ஆக, எந்த விரோதமும் இல்லாத ஒரு துறையின் ஊழியர், ஓர் இலக்கம் மாறியதால் சாவின் விளிம்புவரை போய்வந்தார். எங்கள் துறைக்கு யார் எதிரி என்று கேட்டுப் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்ளும் அலுவலகங்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

அதன்பின் வந்த ஏற்பாடுகளின் உட்கருத்து, சோதனையைக் கட்டடத்திலிருந்து வெளியே தள்ளுவதுதான். வாஷிங்டனில் 202 முதல் 205 வரை தொடங்கும் ஜிப் எண்களுக்குப் போகும் அரசுக் கடிதங்கள் எலக்ட்ரான் கதிர் பாய்ச்சும் ஆலை வழியாகச் சென்று கிருமி நீங்கி வருகின்றன. பெரிய பிரிப்பு நிலையங்களில் இயந்திரத்துக்கு மேலே உள்ள காற்றை உறிஞ்சி ஆந்த்ராக்ஸ் மரபணுவைத் தேடும் கருவிகள் அமைந்தன. வெள்ளை மாளிகைக்கும் நாடாளுமன்றத்துக்கும் வரும் தபாலைத் தொலைவில் தனி நிலையத்தில் பிரித்துப் பார்க்கிறார்கள். கதிர் எல்லாவற்றையும் தீர்க்காது. ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கும் ரைசின் உயிருள்ள கிருமியல்ல, புரத நஞ்சு. கதிர் பட்டாலும் அதன் வீரியம் போய்விடும் என்று நம்ப முடியாது. 2013 ஏப்ரலில் அதிபர் ஒபாமாவுக்கும் செனட்டர் ரோஜர் விக்கருக்கும் வந்த ரைசின் கடிதங்களைப் பிடித்தவை தொலைவிலிருந்த சோதனை நிலையங்கள்தான். 2020-இல் கனடாவிலிருந்து அதிபர் டிரம்புக்கு வந்த ரைசின் கடிதமும் வெள்ளை மாளிகையை எட்டவில்லை. 2018-இல் பாதுகாப்பு அமைச்சர் ஜிம் மேட்டிஸுக்கு ஆமணக்கு விதை வைத்து வந்த உறை பென்டகனின் சோதனை நிலையத்திலேயே நின்றது. ஒரு வழி தவறவிட்டதை இன்னொரு வழி பிடிக்கிறது.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. அவை வெறும் முணுமுணுப்பு அல்ல. கதிர் பட்ட காகிதம் பழுப்பேறி மொறமொறவென்று உடைகிறது. பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்கிறது. புகைப்படச் சுருளும் விதை மாதிரிகளும் கெட்டுப்போகின்றன. அருங்காட்சியகங்களும் ஆய்வுக்கூடங்களும் இதனால் நிஜமாகவே நஷ்டப்பட்டன. தொடக்கத்தில் அந்தக் கடிதங்களைக் கையாண்ட ஊழியர்கள் தலைவலி, கண் எரிச்சல் என்று புகார் சொன்னார்கள். அதன்பிறகு காற்றாட வைத்து அனுப்பும் முறை வந்தது. தாமதமும் தவிர்க்க முடியாதது. ஆனால் இவை எல்லாம் முறையைத் திருத்துவதற்கான காரணங்கள். கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. கெடக்கூடிய பொருளைத் தனியார் கூரியரில் வேறு முகவரிக்கு வரவழைக்கலாம்; அவசர விண்ணப்பத்தை இணையத்தில் வாங்கலாம்.

அபூர்வமாக நடப்பதற்கு இவ்வளவு செலவா என்ற கேள்வி இன்னும் கடினமானது. பிரெண்ட்வுட் நிலையத்தைச் சுத்தம் செய்து திறக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. செலவு சுமார் 13 கோடி டாலர். ஹார்ட் கட்டடம் மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. சில கிராம் தூள் செய்த வேலை இது. இதோடு ஒப்பிட்டால் தனி அறையும் தனிக் காற்றோட்டமும் மலிவானவை. குற்றவாளியைப் பிடித்தால் போதாதா என்றும் கேட்கலாம். அரசின் ஆய்வகத்திலேயே பணியாற்றிய புரூஸ் ஐவின்ஸ்தான் அனுப்பினார் என்ற முடிவுக்குப் புலனாய்வாளர்கள் வர ஏழு ஆண்டுகள் ஆயின. வழக்குத் தொடரும் முன்பே 2008-இல் அவர் இறந்துபோனார். தண்டனையை நம்பித் தபால் அறையைத் திறந்துவைக்க முடியாது. குடிமகனின் கடிதத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பது ஜனநாயகத்துக்கு அழகா என்பது இன்னோர் ஆட்சேபம். யாருடைய கடிதத்தையும் தனியே சந்தேகிக்காமல் எல்லாவற்றையும் ஒரே வழியில் அனுப்பும் முறைதான் இதற்குப் பதில். கடிதம் வரவே வேண்டாம் என்று கதவைச் சாத்துவதைவிட, சோதித்து உள்ளே விடுவது மேல்.

மின்னஞ்சல் வந்த பிறகு இந்தப் பேச்சு எதற்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கையெழுத்திட்ட மனு, நீதிமன்ற ஆவணம், பதிவுத் தபால் எல்லாம் இன்றும் காகிதமாகவே வருகின்றன. மின்னஞ்சலிலும் நிலைமை மாறவில்லை: பொய் முகவரியில் வரும் இணைப்பை முதலில் திறப்பவர் கடைநிலை எழுத்தர்தான். வாசலிலேயே வடிகட்டாமல், கவனமாக இருங்கள் என்று அவருக்குச் சுற்றறிக்கை அனுப்புவது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. தபால் பிரிவைப் பிரதான கட்டடத்திலிருந்து பிரித்துத் தனிக் காற்றோட்டத்தோடு வைப்பது, சந்தேகமான உறையை யாரையும் கேட்காமல் நிறுத்தும் அதிகாரத்தை அங்கிருப்பவருக்கே கொடுப்பது, ஆபத்து என்று தெரிந்தால் அதிகாரிக்குக் கிடைக்கும் மருத்துவம் அதே மணிநேரத்தில் அவருக்கும் கிடைக்கச் செய்வது: ஒரு துறை தன் தபாலைப் பாதுகாக்கிறதா என்று அறிய இந்த மூன்றையும் கேட்டால் போதும். மூன்றுக்கும் பதில் இல்லாத துறை, தன் அதிகாரியின் வாசலில் எத்தனை காவலர்களை நிறுத்தினாலும் பாதுகாப்பான துறை அல்ல.