கைபேசிக் காலத்தில் காகித டைரி

நடந்ததைப் பதிவு செய்யும் டைரியும், நடக்க வேண்டியதைக் குறித்துவைக்கும் டைரியும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவற்றின் வேலை வேறு. இரண்டாவது வகையைத்தான் இப்போது பிளானர் என்கிறார்கள். லண்டனில் எழுதுபொருள் கடை வைத்திருந்த ஜான் லெட்ஸ், தேதி அச்சிட்ட டைரிகளை 1812இல் விற்கத் தொடங்கினார். வணிகர்களின் தேவைக்காகப் பிறந்த சரக்கு அது. காலண்டர் செயலி இல்லாத ஸ்மார்ட்போனே இல்லை என்றான பிறகும் ஆண்டுதோறும் அச்சாகிறது. புத்தாண்டு நெருங்கினால் சிவகாசி அச்சகங்களில் இன்றும் டைரி வேலை நடக்கிறது. பழக்கத்தின் மிச்சம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. காகிதம் மூளைக்கு ஓர் உதவி செய்கிறது. கைபேசி செய்வது வேறோர் உதவி.

செய்ய வேண்டிய ஒன்றை உரிய நேரத்தில் மனதுக்குக் கொண்டுவரும் திறனை உளவியலில் எதிர்நோக்கு நினைவு எனலாம். அமெரிக்க உளவியலாளர்கள் ஐன்ஸ்டைனும் மெக்டேனியலும் 1990இல் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். மருந்துக் கடையைக் கண்டதும் மாத்திரை வாங்க வேண்டும் என்று தோன்றுவது நிகழ்வு சார்ந்த நினைவு. மாலை நாலரைக்கு ஒருவரைப் போனில் கூப்பிடுவது நேரம் சார்ந்த நினைவு. பின்னதைத் தூண்ட வெளியில் எதுவும் இல்லை. ஆள் தானாகவே மணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் கைபேசியின் அலாரத்துக்கு ஈடு கிடையாது. பைக்குள் மூடிக் கிடக்கும் டைரி யாரையும் எழுப்பாது.

காகிதத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் மூளை அறிவியலாளர் குனியோஷி சகாய் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, நேரடியாக டைரியையே சோதித்தது. 18 முதல் 29 வயது வரையிலான 48 பேருக்கு ஒரு கற்பனை உரையாடல் கொடுக்கப்பட்டது. வகுப்பு நேரம், ஒப்படைப்புக்கான கடைசித் தேதி, நண்பர்களைச் சந்திக்கும் நாள் என்று அதில் 14 விவரங்கள் இருந்தன. ஒரு பிரிவினர் அவற்றைக் காகித டைரியில் பேனாவால் எழுதினார்கள். அடுத்த பிரிவினர் டேப்லெட்டில் ஸ்டைலஸால் எழுதினார்கள். மூன்றாம் பிரிவினர் ஸ்மார்ட்போனில் தட்டச்சு செய்தார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லை. காகிதக்காரர்கள் ஏறக்குறைய 11 நிமிடங்களில் முடித்தார்கள்; டேப்லெட்டுக்கு 14 நிமிடங்களும் ஸ்மார்ட்போனுக்கு 16 நிமிடங்களும் ஆயின.

ஒரு மணி நேரம் கழித்து, மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அவர்களைப் படுக்கவைத்து, எந்த ஒப்படைப்புக்கு எது கடைசி நாள் என்பது போன்ற கேள்விகள் கேட்டார்கள். எளிய கேள்விகளில் காகிதத்தில் எழுதியவர்களின் விடைகளே கூடுதல் துல்லியமாக இருந்தன. நினைவுக்கும் இட அறிவுக்கும் முக்கியமான ஹிப்போகாம்பஸ், மொழிப் பகுதிகள், காட்சிப் பகுதிகள் ஆகியவற்றில் அவர்களுக்குச் செயல்பாடு அதிகமாகத் தெரிந்தது.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது டேப்லெட் பிரிவுதான். அவர்களும் கையால்தான் எழுதினார்கள். ஆகவே கையெழுத்தின் மகிமை என்று மட்டும் சொல்லி இதை விளக்க முடியாது. சகாய் தரும் விளக்கம் இடத்தைப் பற்றியது. காகிதத்தில் ஒரு குறிப்பு இடப்பக்கத்தின் அடியில், மடங்கிய மூலைக்கு அருகில், சற்றே கோணலான எழுத்தில் என்று ஓர் உறுதியான இடத்தில் நிற்கிறது. திரையில் உருட்டும்போது எழுத்து நகர்ந்துவிடுகிறது. செயலியை மூடினால் அந்த இடமே இல்லை. ஒரு பிரிவுக்கு 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. ஆனால் வகுப்புக் குறிப்பு எடுப்பதில் கையெழுத்து தட்டச்சை வெல்கிறது என்று கூறி 2014இல் புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அதே அளவு வேறுபாடு கிடைக்காத நிலையில், டோக்கியோ ஆய்வு காட்டும் இடம் என்ற காரணம் இன்னும் கூர்மையாகப் பரிசோதிக்கத் தக்கது.

அமெரிக்காவில் ஹுவாங், யாங், மோர்விட்ஸ் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில் போகிறது. காகிதக் காலண்டரில் திட்டமிட்டவர்கள் கைபேசிக் காலண்டரில் திட்டமிட்டவர்களைவிட அதிக வேலைகளை முடித்தார்கள். பல நாட்கள் ஒருசேரக் கண்ணில் படுவதே காரணம் என்கிறார்கள். புதனும் வியாழனும் நிரம்பி வழிவது தெரிந்தால்தான் வெள்ளிக்கு ஒன்றைத் தள்ளத் தோன்றும்.

எழுதிவைப்பதால் மனதுக்குக் கிடைக்கும் ஓய்வு தனி. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கலின் குழு 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்தது. படுக்கும் முன் 5 நிமிடம், ஒரு பாதியினர் இனிச் செய்ய வேண்டியவற்றையும் மறுபாதியினர் முடித்தவற்றையும் எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விரிவாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது என்பது 2018இல் வெளியான அந்த ஆய்வின் அழகான பகுதி.

வாங்கும்போது அட்டையைவிட உள்பக்க அமைப்பே முக்கியம். எதிரெதிர் இரண்டு பக்கங்களில் ஒரு வாரம் முழுவதும் தெரியும் டைரிதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். மேலே சொன்ன ஆய்வுகளின் பயன் அதில்தான் முழுமையாகக் கிடைக்கும். நாளுக்கு ஒரு பக்கம் என்ற அமைப்பு தாராளமாகத் தோன்றினாலும் வாரத்தைத் துண்டாக்கிவிடுகிறது. மணிவாரியாகக் கோடு போட்ட செங்குத்துப் பத்திகள், நாள் முழுக்க ஆட்களைச் சந்திக்கும் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்கு உதவும். நேரத்தைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கும் அவை நல்லவை. 1994இல் வெளியான கனடா ஆய்வொன்றில் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்ற மாணவர்களுக்கு உண்மையில் ஆனது ஏறக்குறைய 55 நாள்.

மேசையிலேயே இருக்கும் டைரிக்கு ஏ5 அளவு, அதாவது 148க்கு 210 மி.மீ., போதும். கூடவே எடுத்துச் செல்வதற்கு அதில் பாதியான ஏ6 வசதி. தையல் பைண்டிங் செய்த புத்தகம் மேசையில் தட்டையாக விரியும். வெறும் பசையால் ஒட்டியது பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். பால்பாயிண்ட் பேனாவுக்கு 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள் போதும். மைப்பேனா பிடிப்பவர்கள் வழக்கமாக 80க்கு மேல் பார்ப்பார்கள். ஆனால் எடை மட்டுமே அளவுகோல் இல்லை: ஜப்பானின் ஹோபோனிச்சி டைரிகளுக்குப் புகழ் தேடித் தந்த தோமோயே ரிவர் தாளின் எடை சுமார் 52 ஜி.எஸ்.எம்.தான்; தாளின் பூச்சு மையை ஊறவிடாமல் காக்கிறது. கடையிலேயே கடைசிப் பக்கத்தில் கிறுக்கிப் பார்க்க அனுமதி கேட்பது நல்லது.

அலாரம் தேவைப்படுவதையும், குடும்பத்தாரோ அலுவலகமோ சேர்ந்து பார்க்க வேண்டியதையும் கைபேசியில் வைத்து, மற்றவற்றை டைரிக்குத் தருவது இரண்டையும் வைத்திருப்பவர்களுக்குக் குழப்பம் தராத ஏற்பாடு. தொலைந்தால் காகிதத்துக்கு மறுபிரதி இல்லை. வாரம் ஒருமுறை பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ள அரை நிமிடம் ஆகாது. இலவசமாகக் கிடைக்கும் நிறுவன டைரிகள் ஜனவரியில் தொடங்குபவை. தமிழ்நாட்டில் ஜூனில் கல்வியாண்டைத் தொடங்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அவற்றில் பாதி வீணாகும்; தேதி அச்சிடாத பிளானரை வாங்கி, நாட்களைத் தாமே எழுதிக்கொண்டால் விடுமுறை வாரங்களையும் விட்டுவிடலாம்.