குக்கர் விசிலும் எட்டுக்கால் ஐசியும்

பருப்பு வேகும் குக்கரை ஒருநாள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். முதல் விசில் வர நேரமாகும். இரண்டாவது சீக்கிரம் வந்துவிடும். அதன்பின் ஏறக்குறைய ஒரே இடைவெளிதான். ஆவி சேர்ந்து வெயிட்டைத் தூக்குகிறது, கொஞ்சம் வெளியேறுகிறது, வெயிட் உட்கார்ந்துவிடுகிறது, மறுபடி ஆவி சேர்கிறது. உள்ளே இருக்கும் ஆவி முழுவதும் போய்விடுவதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் வீட்டில் கட்டித்தரும் முதல் கிட், ஓர் எல்ஈடியை விட்டுவிட்டு எரியவைப்பது. அதன் நடுநாயகம் 555 என்ற ஐசி. சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-இல் வடிவமைத்தது, மறுவருடம் கடைக்கு வந்தது. இன்றும் ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது.

இங்கே கெப்பாசிட்டர்தான் குக்கர். மின்சாரம் அதில் சேரச் சேர அதன் வோல்டேஜ் ஏறும். ரெசிஸ்டர், அடுப்பின் திருகு. மதிப்பு கூடினால் தீ சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். 555தான் வெயிட். அதற்குள் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் மூன்று வரிசையாக நின்று, பேட்டரியின் 9 வோல்ட்டை மூன்று பங்காக்கி, 3-இலும் 6-இலும் கோடு போட்டு வைத்திருக்கின்றன. கெப்பாசிட்டர் 6 வோல்ட்டைத் தொட்டதும் 555 தன் 7-ஆம் காலைத் திறந்து அதை வடியவிடும். 3-க்கு இறங்கியதும் மூடிவிடும். சேரும்போது எல்ஈடி எரியும், வடியும்போது அணையும்.

கணக்கு சிறியது. 1 கிலோ ஓம் ஒன்று, 68 கிலோ ஓம் ஒன்று, 10 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர். எரிந்து அணைய ஏறக்குறைய ஒரு விநாடி. கெப்பாசிட்டரை மட்டும் 100 ஆக்கினால், அதாவது குக்கரைப் பத்து மடங்கு பெரிதாக்கினால், ஒன்பதரை விநாடி. நான் கிட்டில் இரண்டையும் போட்டுவிடுவேன். ஒன்றை மட்டும் கொடுத்தால் எரிகிறது என்று பார்த்துவிட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு இருந்தால் மாற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும்.

குக்கர் உவமை ஓரிடத்தில் காலை வாரும். சிலிண்டரில் கேஸ் குறைந்தால் விசில் தாமதமாகும். பேட்டரி 9-இலிருந்து 7-க்கு இறங்கினாலோ எல்ஈடி மங்குமே தவிர, வேகம் அவ்வளவாக மாறாது. கோடுகளும் கூடவே இறங்கிவிடுகின்றன அல்லவா? எப்போதும் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு. வெயிட்டே அடுப்பைப் பார்த்துத் தன் எடையைக் குறைத்துக்கொள்கிற குக்கர் யார் வீட்டில் இருக்கிறது!

கிட்டை அஞ்சறைப்பெட்டி மாதிரி பிரித்து வையுங்கள். ஒவ்வொரு ரெசிஸ்டரும் தனிக் கவரில், மேலே நிறத்தின் பெயரோடு: 68 கிலோ ஓமுக்கு நீலம், சாம்பல், ஆரஞ்சு. எல்ஈடியோடு 470 ஓம் கட்டாயம். நெட்டைக் கால்தான் பிளஸ். கெப்பாசிட்டரில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். திருப்பிச் செருகினால் உப்பும், வெடிக்கவும் கூடும். சிவப்பு மையில் எழுத வேண்டியது இந்த ஒன்றைத்தான். சால்டரிங் இப்போதைக்கு வேண்டாம், பிரெட்போர்டு போதும்.

100 மைக்ரோ ஃபேரட் போட்டு, கையில் கடிகாரத்தோடு உட்காருகிற பிள்ளை ஒரு சந்தேகத்தோடு வரும். முதல் தடவை மட்டும் எல்ஈடி ஏழரை விநாடி எரிகிறது, அப்புறமெல்லாம் ஐந்துக்கும் குறைவு, கிட் கெட்டுப்போயிற்றா? இல்லை. முதல் தடவை வெறும் குக்கர், பூஜ்யத்திலிருந்து 6 வோல்ட் வரை ஏற வேண்டும். அடுத்த தடவைகளில் 3 வோல்ட் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.