வாலில்லாத எலி வாங்குமுன்

பாடநூலில் அதன் பெயர் சுட்டி. கடையில் போய் "சுட்டி இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பார். எல்லோர் வாயிலும் அது மவுஸ்தான்; இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும். 1964இல் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் எண்ணத்தில் பிறந்து, பில் இங்கிலிஷ் என்ற பொறியியலாளர் செய்து முடித்த முதல் மவுஸ் ஒரு சிறிய மரப்பெட்டி. அடியில் இரண்டு சில்லுகள், மேலே ஒரேயொரு பொத்தான். கம்பி வால்போல் நீண்டு கிடந்ததால் எலி என்ற பெயர் வந்தது என்பார்கள். இன்று வால் போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

இதைப் பற்றி நான் தேடிப் படித்தது பரீட்சைக்காக அல்ல. என் ராத்தா வீட்டிலிருந்தபடியே இரண்டு கடைகளின் கணக்கைக் கணினியில் பதிந்து கொடுக்கிறார். மடிக்கணினியின் தொடுபலகையில் விரலைத் தேய்த்துத் தேய்த்து அவருக்கு மணிக்கட்டு கடுக்கத் தொடங்கியது. பிள்ளை தூங்கிய பிறகு, இஷா தொழுதுவிட்டு உட்கார்ந்தால்தான் அவருக்கு வேலை நேரம். அந்த உழைப்பில் வரும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து மவுஸ் வாங்குவதென்றால் அது வீணாகக் கூடாது. "நீதானே ஐ.சி.டி. படிக்கிறாய்" என்று சொல்லித் தெரிவு செய்யும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

கடையில் முதலில் நம் கண்ணில் படுவது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட டி.பி.ஐ. எண். 1000, 1600, 4000, 8000 என்று ஏறிக்கொண்டே போகும். எண் கூடக் கூட மவுஸ் சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தரத்தின் அளவு அல்ல. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை படிகளை எண்ணிக் கணினிக்குச் சொல்லும் என்பதே அந்த எண். சாதாரணத் திரையின் அகலம் 1920 புள்ளிகள். கணினியில் வேக அமைப்பு எதையும் மாற்றாவிட்டால், 1000 டி.பி.ஐ. மவுஸை ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் நகர்த்தினால் அம்புக்குறி திரையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விடும். 1600 என்றால் 3 சென்ரிமீற்றர் போதும். 6400 என்றால் ஒரு சென்ரிமீற்றர்கூட வேண்டாம். கணக்குத் தாளில் ஒரு சிறிய கட்டத்தைக் குறிவைத்துச் சொடுக்குபவருக்கு அந்த வேகம் உதவியல்ல, உபத்திரவம். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் 1000 முதல் 1600 வரை தாராளமாகப் போதும்.

எண்ணைவிட முக்கியமானது மவுஸ் எந்த மேசையில் ஓடப் போகிறது என்பது. இதை விளங்கிக்கொள்ள அதன் வயிற்றுக்குள் பார்க்க வேண்டும். அடியில் ஒரு சிறிய விளக்கு இருக்கிறது. அது மேசைமேல் சரிவாக ஒளி வீசும். நம் கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் மேசையில் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. சரிந்து விழும் ஒளியில் அவை நிழல் போடும். விளக்குக்குப் பக்கத்தில் உள்ள குட்டிக் கமரா அந்த நிழல்களை ஒரு செக்கனுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் படம் பிடிக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் நிழல்கள் எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளிப் போயின என்று உள்ளிருக்கும் சில்லு கணக்கிட்டுக் கணினிக்கு அனுப்புகிறது. மவுஸ் என்பது மேசையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு கண். சில மவுஸ்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். அடியில் சிவப்பு வெளிச்சம் இல்லை, பழுதாகிவிட்டது என்று அதைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டியதில்லை.

கண் என்றால் பார்க்க ஏதாவது வேண்டும். கண்ணாடி மேசையில் நிழல் விழாது. அம்புக்குறி துள்ளும், அல்லது அசையாமல் நிற்கும். நம் வீடுகளில் சாப்பாட்டு மேசைதான் பெரும்பாலும் படிப்பு மேசையும் வேலை மேசையும். அதன் மேல் கண்ணாடி, இல்லாவிட்டால் பளபளக்கும் பிளாஸ்ரிக் விரிப்பு. கண்ணாடியிலும் ஓடும் மவுஸ்கள் இருக்கின்றன. லொஜிடெக் நிறுவனத்தின் எம்.எக்ஸ். மாஸ்டர் 3எஸ் அப்படியானது. கண்ணாடி 4 மில்லிமீற்றர் தடிப்பாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அது விலை கூடிய வகை. பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றின் மட்டையைக் கீழே வைத்தால் சாதாரண மவுஸும் அதே மேசையில் ஒழுங்காக ஓடும். ராத்தா வீட்டில் இப்போது ஓடுவது என் தரம் பதினொன்று வரலாற்றுக் கொப்பியின் மேல்.

அடுத்தது கை. இதை எந்தப் பெட்டியும் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. எங்களுக்கு அவர் முதலில் எடுத்து வைத்தது பல நிறங்களில் மின்னும் பெரிய விளையாட்டு மவுஸ் ஒன்று. கேள்வி கேட்டது நான், பதில் போனது வாப்பாவுக்கு. "இதுதான் ஹாஜியார் இப்ப நல்லாப் போறது" என்றார். "கேக்கிறது மகள்தான், அவகிட்டச் சொல்லுங்க" என்று வாப்பா சொன்ன பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார். நான் ராத்தாவின் கையை அடிமட்டத்தால் அளந்து எழுதிக் கொண்டு போயிருந்தேன். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக் கோடுவரை பதினாறரை சென்ரிமீற்றர். அவர் எடுத்து வைத்த மவுஸ் பன்னிரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் நீளம். அப்படிப்பட்ட கை அதைப் பிடித்தால் விரல் நுனி பொத்தானை எட்ட முழுக் கையும் முன்னே போக வேண்டும். உள்ளங்கை தாங்காமல் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

அந்த வளைவுதான் வினை. மணிக்கட்டுக்குள் ஒடுங்கிய பாதையொன்று உண்டு. விரல்களை மடக்கும் தசைநாண்களும் விரல்களுக்குப் போகும் நரம்பொன்றும் அதனூடாகவே செல்கின்றன. மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்போது அந்தப் பாதைக்குள் அழுத்தம் கூடுகிறது. நாள்தோறும் மணிக்கணக்கில் அப்படி வைத்திருந்தால் கை மரத்துப்போவதும் கடுப்பதும் வியப்பல்ல. ஆகவே சிறிய கைக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவான மவுஸ்; லொஜிடெக் எம்185 அந்த அளவில் உள்ள ஒன்று. எடையையும் பார்க்க வேண்டும். நான் மேலே சொன்ன எம்.எக்ஸ். மாஸ்டர் 141 கிராம். பெரிய கைக்கு அது உறுதியான பிடி, சிறிய கைக்குச் சுமை. கைகுலுக்குவதுபோல் பிடிக்கும் நிமிர்ந்த மவுஸ்களும் விற்கிறார்கள். அவை முன்கை முறுக்குவதைக் குறைக்கும், ஆனால் பழகச் சில நாட்கள் எடுக்கும். ஏற்கெனவே வலி இருப்பவர் வைத்தியரிடம் காட்டுவதே முறை. எந்த மவுஸும் மருந்தல்ல. இடக்கைக்காரத் தோழிகள் இருபுறமும் ஒரே வடிவான மவுஸையே பார்க்க வேண்டும், பெருவிரலுக்குக் குழி வைத்த அழகான மவுஸ்கள் பெரும்பாலும் வலக்கைக்காரருக்கானவை.

கம்பியில்லாமல் செய்தி போகும் வழி இரண்டு. ஒன்று, யூ.எஸ்.பி. துளையில் செருகும் நகக்கண் அளவான வாங்கி. மற்றது புளூடூத். இரண்டும் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குகின்றன. வாங்கியைச் செருகியதும் மவுஸ் வேலை செய்யும். கல்லூரி ஆய்வுகூடத்தில் உள்ளவை போன்ற பழைய மேசைக் கணினிகளுக்கு அதுவே பொருத்தம், அவை பலவற்றில் புளூடூத் இருப்பதில்லை. ஆனால் அந்தக் குட்டிப் பொருள் தொலைந்தால் பெரும்பாலான மவுஸ்கள் வெறும் பிளாஸ்ரிக் துண்டுதான். பற்றரி அறைக்குள் அதை வைக்க இடம் உண்டா என்று வாங்கும்போதே திறந்து பாருங்கள். புளூடூத் மவுஸ் துளை எதையும் பிடிக்காது. ஒன்றிரண்டு துளைகள் மட்டுமுள்ள மெல்லிய மடிக்கணினிக்கு நல்லது. சிறிது நேரம் சும்மா விட்டால் தூங்கிவிடும், எழும்ப ஒரு கணம் எடுக்கும். இரண்டு வழியும் உள்ள மவுஸ் கொஞ்சம் விலை கூட என்றாலும் நான் அதையே பரிந்துரைப்பேன்.

வாங்கி வைத்திருப்பவர்கள் அறிய வேண்டிய ஒரு விடயம்: பென்ட்ரைவ் செருகியதும் அம்புக்குறி தடுமாறுகிறதா? யூ.எஸ்.பி. 3.0 கருவிகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹேட்ஸ் பகுதியில் இரைச்சலை உண்டாக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் விளக்கமாக எழுதியிருக்கிறது. வாங்கியை மடிக்கணினியின் மறுபக்கத்துக்கு மாற்றினால் போதும். மவுஸ் பழுது என்று புதிதாக வாங்கியவர்களும் இருக்கிறார்கள்! பாதுகாப்பும் கவனிக்க வேண்டியதே. 2016இல் பாஸ்டில் என்ற ஆய்வு நிறுவனம், புளூடூத் அல்லாத சில வாங்கிகள் தூரத்திலிருந்து வரும் போலி விசையழுத்தங்களையும் ஏற்றுக்கொள்வதைக் காட்டியது. அலுவலகக் கணக்கு வைத்திருப்பவர்கள் பெயர் தெரியாத, மிக மலிவான வாங்கிகளைத் தவிர்ப்பது நல்லது.

பற்றரியில் என் விருப்பம் ஒற்றை ஏ.ஏ. பற்றரிதான். மூலைக் கடையிலும் கிடைக்கும், மாற்றினால் மவுஸ் மீண்டும் புதிது. மின்னேற்றும் வகைகளில் உள்ளிருக்கும் லித்தியம் பற்றரி சில ஆண்டுகளில் தளரும். நாமே மாற்றுவது கடினம். அப்பிளின் மெஜிக் மவுஸ் வேறொரு பாடம். 2015இல் வந்த மாதிரியில் மின்னேற்றும் துளையை அடிவயிற்றில் வைத்தார்கள். மின்னேறும்வரை மவுஸ் மல்லாந்து கிடக்கும். 2024இல் துளையின் வகையை மாற்றினார்கள், இடத்தை மாற்றவில்லை. நீண்ட விடுமுறையில் ஏ.ஏ. பற்றரியைக் கழற்றி வையுங்கள். அல்கலைன் பற்றரி கசிந்தால் வெளிவருவது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. அது உள்ளே உள்ள உலோகத் தகடுகளை அரித்துவிடும். கடற்காற்று படும் ஊர்களில் அந்தத் தகடுகள் ஏற்கெனவே பாடுபடுகின்றன.

சத்தம் குறைந்த பொத்தான்கள் ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். ஒரே அறையில் பிள்ளை தூங்க, இரவு பதினொரு மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை சொடுக்கும் ஒருவருக்கு அது அவசியம். பக்கப் பொத்தான்கள் இருந்தால் இருக்கட்டும். நடுச்சில்லை மட்டும் விரலால் உருட்டிப் பாருங்கள். கணக்குத் தாளில் அதிகம் உழைப்பது அதுதான்.

முடிந்தால் சொந்த மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டு போங்கள். நீண்ட பந்தியொன்றை மெதுவாக இழுத்துத் தெரிவு செய்யுங்கள், இடையில் தெரிவு அறுந்தால் பொத்தான் சரியில்லை. ஒருமுறை சொடுக்க இருமுறை சொடுக்கியதாகக் கோப்பு திறந்தாலும் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் கணினி அமைப்பில் அம்புக்குறியின் வேகத்தை உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றுங்கள், அதற்குக் காசில்லை. மவுஸை விசைப்பலகைக்கு ஒட்டி வைத்தால் தோள் இழுபடாது.

விலைகளை இங்கே நான் எழுதவில்லை. இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருமுன் அவை மாறிவிடும். உத்தரவாதக் காலத்தைக் கேட்டு, பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இப்போதைய சீட்டுகள் வெப்பத்தால் அச்சிடும் தாளில் வருவதால் சில மாதங்களில் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும்; வாங்கிய அன்றே கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.